கோட்டைச் சுவர் வளைவில் ஒரு வட்டக் கண்ணாடி

முதுகு காட்டி உக்காந்துக்கினே எங்க எல்லாரையும் பாத்துக்கினு வந்த என் நைனாவுக்கு,

எப்படி இருக்க? செத்தவங்கள இப்படிக் கேக்கலாமான்னு தெரியல. கேக்காம ஆரம்பிக்கவும் மனசு வரல. நாங்க இருக்கோம். ஒரு சேதி இருக்குது. அத உன்கிட்ட சொல்லாம என்னால ஒரு ஜாக்கெட்டுக்குக்கூட ஒழுங்கா கை வெட்ட முடியல.

நம்ம வளைவுல கண்ணாடி வெச்சாச்சு நைனா.

ஆமா, அதே வளைவுதான். என் டெய்லர் கடைக்கு எதிர்ல பழைய கோட்டைச் சுவர் ரோட்டுக்குள்ள மூக்க நீட்டிக்கினு நிக்குதே, அங்க. "இந்தச் சுவத்தையும் இடிக்க முடியாது, அந்தப் பக்கம் வரவனும் தெரிய மாட்டான், ஒரு கண்ணாடி வெச்சாத்தான் உண்டு"ன்னு நீ பஸ் ஓட்டின காலத்துல இருந்து சொல்லிக்கினே இருந்த. ஊரே தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிடும்.

கடைசியில அங்கதான் நீ விழுந்த. விடியகாலையில பால் வாங்க சைக்கிள்ல போன. எதிர்ல ஒரு லோடு வண்டி வந்தது. அந்த டிரைவர் ரோட்டுலயே உக்காந்து தலைல அடிச்சுக்கினு அழுதான். அவனத் திட்ட எனக்கு வாய் வரல. அவன் உன்னப் பாக்கல, நீ அவனப் பாக்கல. அவ்ளோதான் நடந்தது.

கோட்டைக்கு வழி வெக்கிறப்போ வேணும்னே வளைச்சு வளைச்சுத்தான் வெப்பாங்களாம். வர எதிரிக்கு அடுத்தாப்ல இன்னா இருக்குதுன்னு தெரியக் கூடாதாம். எதிரிங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க. சுவரு மட்டும் இன்னும் அந்த வேலைய விடல. அதுக்கு நீ எதிரியா நைனா? பால் தூக்குச் சட்டியோட போன மனுஷன்!

அம்மாவப் பத்தி சொல்லணும். அது தம்பி வூட்டுல இருக்குது. அங்க இருந்து என் கடை கூப்பிடு தூரம், நடுவுல அந்த வளைவு. நீ போனதுல இருந்து அம்மா அதத் தாண்டல. கோயிலுக்குப் போனாக்கூட ஏரிக்கரையச் சுத்திக்கினு போவும். "ஏம்மா, ஒரு நாள் கடைக்கு வந்து உக்காந்துட்டுப் போயேன்"னா, "காலு வலிக்குதுடி"ன்னும். ஏரிக்கரையச் சுத்தறப்ப மட்டும் வலிக்காத காலு.

எனக்கு வேற ஒண்ணும் வேணாம் நைனா. அம்மா அந்த வளைவத் தாண்டி என் கடைக்கு வரணும். கண்ணாடி வெச்சா பயம் போவும்னு நெனச்சேன். அதுக்குத்தான் புடிவாதமா நின்னேன்.

முதல்ல இன்னா பண்ணேன் தெரியுமா? கடையில பொண்ணுங்க போட்டுப் பாக்கற ஆளுயரக் கண்ணாடி இருக்குதே, அதயே கொண்டு போய்க் கட்டிட்டேன். உன் பொண்ணு புத்தி! சூரியன் ஏறினதும் பளிச்சுன்னு ஒரு வெளிச்சப் பலகை ஆட்டோ ஸ்டாண்டுல போய் விழுந்தது. நம்ம ஏழுமலை அண்ணன் ஆட்டோவுல சாஞ்சு தூங்கிக்கினு இருந்தவரு துள்ளி எழுந்தாரு. "ஏம்மா செல்வி, சூரியன இழுத்தாந்து என் மூஞ்சியிலயே எறக்கிட்டியே! நான் உனக்கு இன்னாம்மா பாவம் பண்ணேன்?"

சப்பைக் கண்ணாடி அப்படித்தான். கேரம் போர்டுல காயின் கட்டையில பட்டுத் திரும்பற மாதிரி, எந்தச் சாய்வுல வந்துச்சோ அதே சாய்வுல வெளிச்சத்த அப்படியே திருப்பி விட்டுடுது. அதுல தெருவும் ஒரு கீத்துதான் தெரிஞ்சது. அப்பறம் விழுப்புரத்துல சொல்லி வெச்சு, வயிறு முன்னால தள்ளின மாதிரி உப்பலா இருக்கிற வட்டக் கண்ணாடி வரவழைச்சேன். ஏழுமலை அண்ணன்தான் கம்பம் நட்டு மாட்டினாரு. இது ஒருத்தர் மூஞ்சியிலயே எல்லாத்தையும் கொட்டறது இல்ல. பந்தியில பரிமாறற மாதிரி எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெக்குது.

முதல் நாள் அதுக்கு முன்னால போய் நின்னேன். ஐயோ நைனா, உன்கிட்ட எப்படிச் சொல்றது! நம்ம கோட்டை நிக்கிற ராஜகிரி மலை முழுசா உள்ள இருக்குது. சுண்டு வெரல் நகத்தால மறைச்சுடலாம், அவ்ளோ சின்னது. ஆனா உச்சியில இருக்கிற கட்டடம் வரைக்கும் தெரியுது. சுவத்துக்கு இந்தப் பக்கத்துத் தெரு, அந்தப் பக்கத்துத் தெரு, வானம், கொடியில காயற பொடவை, படுத்துக்கினு இருக்கிற நாயி, எல்லாம் ஒண்ணா இருக்குது. எத்தனையோ ராஜாங்க படையோட வந்து வருஷக் கணக்கா காத்துக் கெடந்த மலை. அது ஒரு தாம்பாளத்துக்குள்ள சத்தமில்லாம வந்து உக்காந்துடுச்சு.

அப்பறம் ஒண்ணு கவனிச்சேன். சூரியன் அதுல ஒரு சின்ன பொட்டு மாதிரி மின்னிக்கினு இருந்தது. நான் நகந்தா அதுவும் நகருது. ஏழுமலை அண்ணனக் கூப்பிட்டு, "அண்ணா, உனக்கு சூரியன் எங்க தெரியுது?"ன்னேன். அவரு வேற இடத்தக் காட்டினாரு. ஒரே கண்ணாடி, ஒரே சூரியன், ஆளுக்கு ஒரு பொட்டு! எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. அவரு, "இதுக்கா என்னைப் பீடியப் போட்டுட்டு வரச் சொன்ன"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

அன்னியில இருந்து எனக்கு வெளிச்சப் பைத்தியம் புடிச்சுக்கிச்சு. காலமெல்லாம் துணி வெட்டறேன், இப்பதான் துணியப் பாக்கறேன். காட்டன் மேல விழற வெளிச்சம் நாலா பக்கமும் செதறிப் போயிடுது, எங்க நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். சாட்டின் அப்படி இல்ல, ஒரு பக்கம் பளபளன்னும், கொஞ்சம் சாச்சா கறுத்துப் போவும். எல்லாத்து மேலயும் விழறது ஒரே வெயில்தான். வாங்கினத எப்படித் திருப்பிக் குடுக்குதோ, அதுதான் அதோட நிறம், அதோட மினுக்கு. இந்த வெயில் இவ்ளோ தூரம் வந்து, என் கடையில கெடக்கிற ஒரு துண்டுத் துணியில பட்டு, என் கண்ணுக்குள்ள வந்து சேருது. இதுக்கு நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. கண்ணத் தொறந்து வெச்சேன், அவ்ளோதான்.

ஊரு சும்மா இருக்குமா? மூலை வீட்டுப் பச்சையம்மா அக்கா இடுப்புல கைய வெச்சுக்கினு வந்துச்சு. "ஏண்டி, எங்க வூட்டுக்குள்ள நடக்கறத எல்லாம் ஊருக்குப் படம் காட்டறியா?" கையப் புடிச்சு இழுத்தாந்து கண்ணாடி முன்னால நிறுத்தினேன். "உன் வாசக்கால் தெரியுதா? உள்ள இன்னா தெரியுது சொல்லு." உத்து உத்துப் பாத்துச்சு. "ஒண்ணும் தெரியல, இருட்டாதான் இருக்குது." "அவ்ளோதான். வெளிச்சம் பட்டாத்தான் வெளிய வரும். அதுவும் இல்லாம, நான் உன்னப் பாத்தா நீயும் என்னப் பாப்ப. ஒளிஞ்சுக்கினு பாக்கற வேலையே கண்ணாடியில கெடையாது"ன்னேன். மறுநாள்ல இருந்து அது தண்ணிக்குப் போறப்ப எல்லாம் அதுலதான் கொண்டைய சரி பண்ணிக்கிச்சு.

நான் சொன்னது உன் பேச்சுதான் நைனா. மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸுல, பின் சீட்டுல ஒருத்தன் முன்னால இருந்த பொண்ணோட ஜடையத் தொட்டுத் தொட்டு விளையாடினான். நீ வண்டியும் நிறுத்தல, திரும்பவும் இல்ல. மேல இருக்கிற கண்ணாடியப் பாத்து, "தம்பி, எனக்கு நீ தெரியறன்னா உனக்கும் நான் தெரியறேன்"னு சொன்ன. பஸ்ஸே சிரிச்சது. உன் சீட்டுக்குப் பின்னால உக்காந்து வர எனக்கு எப்பவும் உன் முதுகும், கண்ணாடியில உன் ரெண்டு கண்ணும்தான். நான் தூங்கி விழுந்தாக்கூட, "செல்வி, கம்பியப் புடி"ன்னு கண்ணாடியப் பாத்துத்தான் சொல்லுவ.

வண்டி எடுக்கறதுக்கு முன்னால பேப்பர நனைச்சு அந்தக் கண்ணாடியத் தொடைப்பியே. அப்பறம் காஞ்ச பேப்பரால ஒரு தேய். அதுக்குன்னே அம்மா பழைய பேப்பர எடைக்குப் போடாம அடுக்கி வெக்கும். இப்பவும் அடுக்கிக்கினுதான் இருக்குது. எதுக்குன்னு யாரும் கேக்கறது இல்ல.

சரி, கதைக்கு வரேன். ஆயுத பூஜை வந்தது. நான் ரெண்டு நாள் மாமியார் ஊருக்குப் போயிட்டேன். நம்ம ஆளுங்க இங்க புத்தியக் காட்டிட்டாங்க. கண்ணாடி மேல அவங்களுக்கு அவ்ளோ பிரியம் வந்துடுச்சு. "வண்டிக்கெல்லாம் பூஜை போடறோம். வண்டியக் காப்பாத்தற கண்ணாடிக்குப் போட வேணாமா?"ன்னு ஏழுமலை அண்ணன் கெளப்பி விட்டிருக்காரு. கம்பத்துக்கு வாழைக்கன்னு கட்டி, பூசணிக்கா ஒடைச்சு, கண்ணாடி முழுக்க மஞ்சள் பூசி, நடுவுல பெருசா குங்குமம் வெச்சு, வெள்ளிக் காகிதத்துல ரெண்டு கண்ணும் ஒட்டிட்டாங்க. நான் ஊர்ல இருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தா, கம்பத்து மேல அங்காளம்மன் நிக்குது!

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நடந்துடுச்சு. அந்தப் பக்கத்துல இருந்து ஏழுமலை அண்ணனோட ஆட்டோ. இந்தப் பக்கத்துல இருந்து கொடத்தோட பச்சையம்மா அக்கா. பிரேக் சத்தம் கேட்டதும் நான் கண்ண மூடிக்கினேன். எனக்கு நீதான் தெரிஞ்ச.

கண்ணத் தொறந்தப்ப கொடம் ஒடைஞ்சு கெடந்தது. அக்கா முழங்கையில சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல. ஏழுமலை அண்ணன் ஆட்டோவ விட்டு எறங்கினாரு. "பழக்கத்துல மேல பாத்தேன் செல்வி. அம்மன்தான் தெரிஞ்சா. ரோடு தெரியல."

கூட்டம் கூடிடுச்சு. பச்சையம்மா அக்காவுக்குக் கோவம் தலைக்கேறிப் போச்சு. "சாமியா இது? எங்க காப்பாத்துச்சு? ராசி கெட்ட கண்ணாடி, முதல்ல கழட்டுங்க!" நாலு பேரு ஆமா போட்டாங்க. எனக்கு வந்தது பாரு ஆத்திரம். "பாக்கற கண்ணுல மஞ்சள அப்பிட்டு, பாக்கலன்னா எப்படிக்கா? இருங்க, நான் தொடைக்கறேன்"னு ஈரத் துணியோட பெஞ்ச் மேல ஏறினேன்.

கை வரல நைனா. நெஜமா வரல. அந்த வெள்ளிக் கண்ணு ரெண்டும் என்னையே பாக்குது. அம்மன் நெத்திக் குங்குமத்த அழிக்கறதுன்னா சும்மாவா? என் கழுத்துல தாலி இருக்குது, நெத்தியில பொட்டு இருக்குது. வாய் கிழியப் பேசற நான் துணிய மடிச்சுக்கினு எறங்கிட்டேன். ஏழுமலை அண்ணன், "நான் வெச்சேன், நானே அழிக்க மாட்டேன்"னுட்டாரு. தொடைக்கவும் முடியாது, விட்டு வெக்கவும் முடியாது. கடைசியில பிள்ளையாரக் கரைக்கற மாதிரி, மறுநாள் காலைல கழட்டிக் கொண்டு போய் ஏரியில விட்டுடறதுன்னு பேசி முடிச்சாங்க. சாமிக்கு மரியாதையாவும் ஆச்சு, கண்ணாடித் தொல்லையும் விட்டுதுன்னு.

அன்னிக்கு சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லி அழுதேன். அம்மா கீரை ஆஞ்சுக்கினே இருந்தது.

மறுநாள் வெயில் ஏறி மலை செவந்து நிக்குது. ஏழுமலை அண்ணன் ஸ்பேனரோட வந்துட்டாரு. எல்லாரும் கம்பத்தப் பாத்துக்கினு நிக்கறோம். சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து யாரோ வராங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல, கண்ணாடிதான் மூடிக் கெடக்குதே. வளைவு திரும்பி, எங்க எதிர்ல அம்மா வந்து நின்னுச்சு.

இடுப்புல பேப்பர் கட்டு. கையில ஒரு வாளித் தண்ணி.

நீ விழுந்த எடத்துல அம்மா ஒரு நிமிஷம் நின்னுச்சு. கீழ பாத்துச்சு. அப்பறம் நிமிந்து, "ஏழுமல, அந்த பெஞ்ச எடுத்துப் போடு"ன்னுச்சு.

"யக்கா, அம்மன் மொகம்கா..."

"தெரியுது. போடு."

"குங்குமத்தப் போயி அழிக்கறதாக்கா?"

அம்மா அவரப் பாக்கல. பொம்பளைங்க நின்ன பக்கம் பாத்துச்சு. "எனக்கு அழிச்சப்ப எவளாவது யோசிச்சீங்களாடி?"

பச்சையம்மா அக்கா தலையக் குனிஞ்சுக்கிச்சு. அன்னிக்கு அழிச்ச கையில அதோட கையும் ஒண்ணு. ஏழுமலை அண்ணன் பெஞ்சப் போட்டாரு. பச்சையம்மா அக்காவே வந்து, சிராய்ச்ச கையோட அம்மாவப் புடிச்சு ஏத்தி விட்டுச்சு.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு. "தாயே, உன் கண்ணத் தொறக்கறேன். கோச்சுக்காத." வெள்ளிக் கண்ணு ரெண்டையும் கிழியாம எடுத்து மேல கம்பத்துல ஒட்டிச்சு. பேப்பர நனைச்சு, உன்ன மாதிரியே ஓரத்துல இருந்து வட்டமா தொடைக்க ஆரம்பிச்சது.

நைனா, நான் பாத்தத நீ பாத்திருக்கணும். முதல்ல மஞ்சளுக்குள்ள இருந்து கொஞ்சம் வானம் வந்தது. அப்பறம் ராஜகிரி உச்சி, காலை வெயில் பட்டுத் தணல் மாதிரி. அப்பறம் சுவரு. சுவத்துக்கு அந்தப் பக்கத்துத் தெரு. ஆட்டோ. கடைசியா நாங்க எல்லாரும், கடுகு கடுகா, வாயத் தொறந்துக்கினு நிக்கறோம். ஒரு கை தேய்க்கத் தேய்க்க ஒரு ஊரே பொறந்து வருது! வெயில் எங்கேயும் போகல. மஞ்சளுக்கு இந்தப் பக்கமே காத்துக்கினு இருந்திருக்குது. ஏழுமலை அண்ணன் தலையில கட்டின துண்ட அவுத்துக் கையில புடிச்சுக்கினாரு.

காஞ்ச பேப்பரால கடைசித் தேய் தேய்ச்சுட்டு, அம்மா பொறங்கையால வேர்வையத் தொடைச்சுக்கிச்சு. கையில இருந்த குங்குமம் நெத்தியில ஒரு தீத்தலா ஏறிடுச்சு. அம்மாவே அதக் கண்ணாடியில பாத்துச்சு. நான் பாக்கறதயும் பாத்துச்சு. அழிக்கல.

எனக்கு அம்மாவோட முதுகும், கண்ணாடியில அம்மாவோட ரெண்டு கண்ணும். திரும்பாமயே, கண்ணாடியப் பாத்தே சொல்லிச்சு: "இன்னாடி செல்வி அப்படிப் பாக்கற? டீ சொல்லு. உன் கடையில உக்கார ஒரு நாற்காலி இருக்குதா, இல்லியா?"

நான் கதறிட்டேன் நைனா. ரோட்டுலயே.

இப்ப தினமும் வருது. வந்ததும் பேப்பரு, தண்ணி, தொடைக்கறது. அப்பறம் என் கடையில உக்காந்து, வளைவுல யார் வராங்கன்னு அவங்க வரதுக்கு முன்னாலயே சொல்லுது. "பச்சையம்மா வரா, கொண்டைய சரி பண்ணிட்டுத்தான் திரும்புவா பாரு"ன்னும். அப்படியேதான் நடக்கும்.

எனக்கு ஒரு கேள்வி இருக்குது. ஒருத்தரப் பாக்கறதுன்னா, அவங்க மேல பட்ட வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வந்து சேர்றதுதானே? அப்ப, அந்தக் காலைல உன் மேல பட்ட வெளிச்சம் எங்க போச்சு? எங்க கண்ணுல படாம மேல போனது எல்லாம் இன்னும் போயிக்கினே இருக்குதா? எங்கயாவது ஒரு கண்ணாடியில பட்டுத் திரும்புமா? யாரைக் கேக்கறதுன்னு தெரியல. கேட்டா சிரிப்பாங்களோன்னும் இருக்குது. நீ சிரிக்க மாட்ட.

நான் ஒரு வாக்கு குடுக்கறேன். இனிமே எந்த பூஜைக்கு எவரு சந்தனத்தோட வந்தாலும் பொட்டு கம்பத்துக்குத்தான். கண்ணாடிக்குத் தண்ணியும் பேப்பரும் மட்டும். அம்மாவால முடியாத அன்னிக்கு நான் தொடைப்பேன், இனிமே என் கை நிக்காது. அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினுதான் வருவாங்க. இது சத்தியம்.

உன் பின் சீட்டுல உக்காந்து, கண்ணாடியில உன் கண்ணையே பாத்துக்கினு வந்த,
உன் பெரிய பொண்ணு
செல்வி